ஒரு சிவப்புமில்லை

கோபப்படக் கூடாது என்று மருந்து தருகிற டொக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பிறசர் கூடிவிடுமாம். அவர் வெளியூர் ஆள், பாவம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஐம்பத்தெட்டு வருஷம் இருந்துவிட்டுக் கோபப்படாமல் இருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே இதை நான் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன்.

நடந்தது 2010ஆம் ஆண்டு ஆடி மாதம். சண்டை முடிந்து ஒரு வருஷம் கழிந்திருந்தது. பழுகாமத்தில் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் என்றால் மேற்கே இருந்து வரும் வெந்த காற்று. வாயைத் திறந்தால் மண், சோற்றை மூடாமல் வைத்தால் அதிலும் மண். அது அடிக்கிற இரண்டு மாதமும் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் நல்ல முகத்தோடு கதைப்பதில்லை. புருஷன் பெண்சாதிச் சண்டையெல்லாம் கச்சானுக்குள்தான் வரும்.

என் பெயர் குஞ்சித்தம்பி. ஒரு பழைய உழவு மெசின், அதான் டிரக்டர், வைத்திருக்கிறேன். பக்கத்து வளவு கோணாமலையுடையது. வாவியில் இறால் வலை போடுகிற மனிதர். ஒரே மகள் தனுஷியா. இருபத்து நாலு வயது. காலையில் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தாய் சீதேவி இல்லை. அவள் இல்லாமல் போன கதை பிறகு வரும், அதைச் சொல்லாமல் இது விளங்காது.

அந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சுனாமிக்கு வந்தது. எங்கள் ஊருக்குச் சுனாமி வரவில்லை, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் வாவி கிடக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கம், கடற்கரைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் பத்துக் கம்ப்யூட்டர் கொடுத்து ஒரு கட்டிடமும் கட்டியது. திறப்பு விழாவுக்கு எத்தனை மாலை. நாலு வருஷத்தில் நிறுவனக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த தனுஷியா போன்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கட்டிடத்தைப் பூட்டினார்கள். தனுஷியாவின் பங்கை நான்தான் மெசினில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் அதற்குச் சுனாமிப் பெட்டி என்று பேர்.

அந்த வருஷம் வைகாசியில், காணாமல் போனவர்களைப் பற்றிப் பதியலாம் என்று அரசாங்கத்தில் ஒரு கந்தோர், ஒரு அலுவலகம், திறந்தார்கள். எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுத்துத் தெரிந்தவர்களையெல்லாம் கொண்டுபோன பிறகு எழுத்தில் கேட்டார்கள். எங்கள் பக்கத்துத் தாய்மார் தனுஷியாவின் வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவராக இருந்து சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். அடித்ததை வாசித்துக் காட்டினாள், திருத்தினாள், கடதாசியில் எடுத்தாள். ஊதா மையில் பெருவிரலைத் தோய்த்துத் தாய்மார் கைநாட்டு வைத்தார்கள்.

என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு ஆச்சிப்பிள்ளை வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேளாண்மை வெட்டும்போது தாக்கத்தி பட்டு அவளுடைய பெருவிரலில் குறுக்கே ஒரு வடு. கைநாட்டிலும் அது வெள்ளைக் கோடாக விழுந்தது.

"அழிச்சிப்போட்டு மறுகா வெக்கவா புள்ள?" என்று கேட்டாள்.

"தேவல்ல மாமி. உங்கட கைதானே" என்றாள் தனுஷியா.

இப்படி நாற்பத்து மூன்று பேர். கடதாசி கந்தோருக்குப் போனது. எழுத்து கம்ப்யூட்டரில் கிடந்தது. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? யார் வந்து கூப்பிட்டது, என்ன நிற வாகனம், யார் கையைப் பிடித்து இழுத்தது, எல்லாம் இருந்தது. சிலர் பேர் சொல்லியே சொன்னார்கள். அந்தப் பேருக்குரியவர்கள் இன்னும் எங்கள் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்கள். கடையில் கண்டால் எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். அந்த எழுத்து அவர்கள் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கொழும்பில் சட்டத்தரணிகள் சிலர், ஒரு பிரதி எங்களுக்கும் இமெயிலில் அனுப்புங்கள், பிள்ளைகளின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் தனுஷியா இண்டர்நெட்டுக்கு டொங்கிள் வாங்கினாள். வாங்கிய அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. ஒரு நாள் நான் களுவாஞ்சிக்குடி மில்லுக்கு நெல் கொண்டுபோகும்போது அவளும் மெசினில் ஏறிக்கொண்டாள். அங்கே நிரோசன் என்ற பெடியன் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறான்.

"வீட்டுப் பெட்டிக்கு ஒரு பயர்வோல் போடணும் நிரோசன். சும்மா கிடைக்கிறதுல நல்லது எது?" என்று கேட்டாள்.

"உங்கட பெட்டியில ஏற்கனவே ஒண்டு இரிக்கிதுதானே அக்கா, விண்டோசோட வந்தது. ஆனா அது உள்ள வாறதத்தான் பாக்கும். வெளிய போறதப் பாக்காது."

"வெளிய போறது எண்டா?" என்று நான் இடையில் விழுந்தேன்.

"ஒரு களவான புறோகிறாம் எப்பிடியோ உள்ளுக்கு வந்து குந்திற்று எண்டு வைங்க மாமா. அது உள்ள இரிக்கிறத மெல்ல மெல்ல வெளிய அனுப்பும். ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது."

"காசு குடுத்து நல்லதா ஒண்டப் போட ஏலாதா?"

"வருசா வருசம் கட்டணும், அதும் வங்கிக் கார்ட்டால. படுவான்கரையில ஆரிட்ட இரிக்கி கார்ட்டு? சும்மா கிடைக்கிறது மூணு இரிக்கி. ஒண்டு, எல்லாத்தையும் தானே பாத்து முடிவெடுக்கும். நம்மளுக்குக் கரைச்சல் இல்ல. அடுத்தது ஆகக் கெட்டி, ஆனா அக்காட பெட்டி சுனாமிக் காலத்துப் பெட்டி, அந்தப் பாரத்த இழுக்காது. ஒழும்பவே அரை மணித்தியாலம் செல்லும். மூணாவது ஒவ்வொண்டுக்கும் கேக்கும். இன்னது வெளிய போகப் பாக்கிது, விடவா வேணாமா எண்டு. பச்சய அமத்தினாப் போகும். செவப்ப அமத்தினா நிக்கும்."

"எவ்வளவுக்குக் கேக்கும்?"

"சும்மா சும்மா கேக்கும். அதால சனம் அத விரும்புறல்ல. நான் எண்டா முதலாவதத்தான் போடுவன்."

தனுஷியா கொஞ்ச நேரம் அவனுடைய கம்ப்யூட்டரில் மூன்றைப் பற்றியும் எழுதியிருந்ததை வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கேக்கிறதப் போடு. என்னக் கேக்காம ஆரும் முடிவெடுக்கிறது இனி எனக்கு வேணாம். இவ்வளவு காலமும் கேக்காமத்தான எல்லாம் நடந்த."

நல்ல பேச்சு என்று நானும் தலையாட்டினேன். யோசித்திருக்க வேண்டும். காலையில் அவள் முன்பள்ளிக்குப் போனால் அந்தப் பெட்டி யாரிடம் கேட்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்ள வருகிறது.

எங்கள் பக்கம் சிக்னல் காலையில்தான் கொஞ்சம் எடுக்கும். டொங்கிளை நீட்டு வயரில் கொழுவி ஜன்னலுக்கு வெளியே முருங்கைக் கொப்பில் கட்டியிருந்தாள். படங்களோடு ஒரு இமெயில் போக மூன்று மணித்தியாலம். அவ்வளவு நேரமும் பயர்வோல் நடுநடுவே கேள்வி கேட்கும், பதில் சொல்லாவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். விடியற்புறம் வலை இழுத்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் கோணாமலை. வந்து பழஞ்சோற்றைத் தின்றுவிட்டு வலை பொத்துவார். வலையைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்து பொத்தட்டும் என்று மகள் ஏற்பாடு செய்தாள்.

"அப்பா, இந்தக் கடிதக்கூட்டுப் படம் வந்தா பச்ச. வேற என்ன வந்தாலும் செவப்பு. விளங்கினதா?"

"விளங்கிற்று மகள்."

"ஆரு என்ன கேட்டாலும் செவப்பு."

"ஓம் ஓம். நீ போ, புள்ளையள் பாத்துக்கிட்டு இரிக்கும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதை நான் என் காதால் கேட்டேன்.

பதினைந்து நாள் இப்படிப் போனது. பதினாறாம் நாள், மத்தியானம் போல, ஆச்சிப்பிள்ளையின் வளவுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வந்தவன் தமிழ் ஆள்தான். நெல் காயப்போட்டிருந்த படங்கின் மேல் சப்பாத்தோடு ஏறி நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்து வாசித்தானாம். அவளுடைய மகன் தினேஸ் போன அன்று அவள் என்ன சமைத்திருந்தாள் என்பதுவரை வாசித்தானாம். வாசித்துவிட்டு, "இதெல்லாம் தேவயா அம்மா? இன்னொரு புள்ள இரிக்கிதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அடுத்த நாள், கைநாட்டு வைத்த இன்னொரு தாய் புஸ்பத்தின் வீட்டுக்கும் அவன் போனான். அதற்கு அடுத்த நாள் பின்னேரம் தனுஷியாவின் முற்றத்தில் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். கச்சான் அவர்களுடைய சேலைத் தலைப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒனக்கிட்டத்தான் புள்ள சொன்னன். என்ட தாலி கட்டின மனிசனிட்டக்கூட அவ்வளவும் சொல்லல்ல" என்றாள் புஸ்பம்.

"மாமி, நான் ஆருக்கும் குடுக்கல்ல."

"நீ குடுக்கல்ல எண்டா இந்தப் பெட்டி குடுத்திரிக்கி. வெள்ளக்காரன் தந்த பெட்டி. என்ட பேர அதுக்குள்ள இரிந்து அழி. இப்ப அழி, நான் பாத்துக்கிட்டு நிக்கிறன்."

"என்டதையும் அழி" என்று இன்னொருத்தி. பிறகு எல்லோரும். ஆச்சிப்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் முருங்கையில் சாய்ந்து நின்றாள். வாசித்த குரல் அவளுடைய காதில் இன்னும் நின்றிருக்க வேண்டும்.

தனுஷியா அழவில்லை. உள்ளே போனாள், நானும் பின்னால் போனேன். பயர்வோல் தான் விட்டதையும் மறித்ததையும் ஒரு பட்டியலாக வைத்திருக்கும் என்று நிரோசன் சொல்லியிருந்தான். அதைத் திறந்தாள். நீட்டுக்கு ஓடியது. பச்சை, பச்சை, பச்சை. அடியில் இரண்டு வரி. விட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. மறித்தவை பூச்சியம்.

"மாமா, ஒரு செவப்புமில்ல" என்றாள். அவளுடைய குரல் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோணாமலை பின்னேர வலையை இழுத்துவிட்டு வாவியிலிருந்து வந்தார். கையில் ஓலைப் பறி, அதற்குள் துடிக்கிற இறால். முற்றத்துச் சனத்தைப் பார்த்ததும் பறியை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்பா, இஞ்ச வாங்க. நான் உங்களுக்கு என்ன சொன்னன்?"

"என்னத்த?"

"செவப்ப அமத்தச் சொன்னனா இல்லையா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன."

"பொறகு?"

"அது கேட்டுக்கிட்டு நிண்டது மகள். வெளிய போக விடவா எண்டு கேட்டுக்கிட்டு நிண்டது. நான் கைய வெச்சன், செவப்புலதான் வெச்சன். அமத்த ஏலாமப் போயிற்று."

"எத்தின தரம்?"

"எல்லாத் தரமும்."

இனிச் சீதேவியின் கதையைச் சொல்ல வேண்டும். 2006 கார்த்திகை. வயல் வட்டையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தவளைக் காலை ஒன்பது மணிக்குப் புடையன் பாம்பு கடித்தது. என்னுடைய மெசினில்தான் ஏற்றினோம். பாலம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல். அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அந்தக் காலம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சென்றி, அதாவது காவலரண், அந்தப் பக்கம் ஒரு சென்றி. இந்தப் பக்கம் நின்றவர்கள் இயக்கத்துக்குப் போன எங்கள் பிள்ளைகள், அவர்கள் பாஸ் எங்கே என்றார்கள். பாஸ் எடுக்கப் பொறுப்பாளரைத் தேடி நான் ஓடினேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு வந்தால் அந்தப் பக்கத்து ஆமிக்காரர், இன்றைக்குப் பாதை பூட்டு, மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்லலாம் என்றார்கள். கோணாமலை பாலத்தின் நடுவில் முழந்தாளில் நின்றார். இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிக் கும்பிட்டார். விடுங்க ஐயா, விடுங்க தம்பி. அந்த மனிதருக்கு நேரம் போகப் போக எந்தப் பக்கத்துக்கு ஐயா, எந்தப் பக்கத்துக்குத் தம்பி என்பதும் மறந்துபோயிற்று. மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. இரண்டே முக்காலுக்கு அவள் போய்விட்டாள். இரண்டு பக்கத்தையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன், டொக்டர் என்னவும் சொல்லட்டும்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் மறிக்கிற வேலைக்கு வைத்தோம்.

ஆனால் தனுஷியாவுக்கு அன்றைக்கு அது ஒன்றும் முன்னால் நிற்கவில்லை. முற்றத்தில் பன்னிரண்டு தாய்மார்தான் நின்றார்கள்.

"அம்மாவ இதுக்குள்ள கொண்டு வராதீங்க" என்றாள்.

"நான் அவட பேர எடுக்கல்லயே."

"எடுக்காட்டி? மூஞ்சியில எழுதிக் கிடக்கு. நீங்க விட்டது மனிசன இல்ல அப்பா, களவன. பாலத்துல ஒங்களுக்கு நடந்ததுக்கு நாப்பத்து மூணு குடும்பமா பதில் சொல்லணும்?"

"மகள்."

"ஒரு செவப்பு. ஒண்டே ஒண்டு அமத்தி இருந்தாக்கூட நான் பேசியிருக்க மாட்டன்."

அவருக்கும் அப்போது கோபம் வந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் அவர் குரலை உயர்த்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னச் சென்றியில நிப்பாட்டினது ஆரு? நீ. நானா கேட்டன்? ஆயுசு முழுக்க அந்தப் பக்கம் நிண்டு கும்பிட்டவன இந்தப் பக்கம் கொண்டுவந்து இருத்தி, மறி மறி எண்டா அவன் எப்பிடி மறிப்பான்? ஒனக்கு மனிசரத் தெரியாது புள்ள, பெட்டியத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் போனார். பறி கிடந்த இடத்தில் கிடந்தது. இறால் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு அடங்கியது.

அன்றிலிருந்து அவர் வாவிக் கரையில் இருந்த மீன் வாடியில்தான் படுத்தார். நான் சோறு கொண்டுபோனால் யார் சமைத்தது என்று கேட்பார். என் வீட்டுச் சோறு என்றால் தின்பார். தனுஷியா சமைத்தது என்றால், வயிறு சரியில்லை மச்சான் என்பார். மகளிடம் போய், நீயாவது ஒரு சொல்லுச் சொல்லு என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ல மாமா? எனக்கு ரோட்டால போக ஏலாமக் கிடக்கு. முன்பள்ளிக்குப் புள்ளையள அனுப்புறாங்க இல்ல. ஏழு புள்ள இன்டைக்கு வரல்ல. அவருக்கு வாடியில போய்ப் படுத்தாச் சரி. நான் எங்க போய்ப் படுக்க?"

அதுவும் நியாயம். இரண்டு பேரிலும் எனக்குக் கோபம், இரண்டு பேரும் சொல்வதும் சரி. இப்படி ஒரு கோபம்தான் மனிதனை உள்ளுக்குள் அரிப்பது.

மூன்று கிழமை. கந்தோருக்குக் கொடுத்ததை வாபஸ் வாங்குகிறேன் என்று புஸ்பம் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள் என்று கதை வந்தது. அவளைத் தொடர்ந்து இன்னும் ஒன்பது பேர். மோட்டார் சைக்கிள்காரன் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டிருந்தான்.

நான் சூடடிக்க ஆள் தேடிப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது ஆச்சிப்பிள்ளை என் வாசலில் நின்றாள். மடியில் எதையோ சொருகியிருந்தாள்.

"அண்ணன், கோணாமலையண்ணன்ட மகளிட்டப் போகணும். தனியப் போக மனமில்ல. நீங்களும் வாங்க."

தனுஷியா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஆச்சிப்பிள்ளையைக் கண்டதும் எழுந்து நின்றாள். பேச்சு வாங்கத் தயாரான மாதிரி.

"அவன் மறுகாவும் வந்தான் புள்ள. வாபசுக்கு இந்தக் கடதாசிட புறத்தால கைய நாட்டி வை, நாளைக்கு வந்து எடுக்கிறன் எண்டு வெச்சிட்டுப் போனான். எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு அவனுக்குத் தெரியும், அதான் வெச்சிட்டுப் போறான். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. என்ட கையத் தெரியும்."

மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். தனுஷியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அவள் அடித்த எழுத்து. அடியில் ஊதாக் கைநாட்டு, குறுக்கே வெள்ளைக் கோடு. மேலே மூலையில் கந்தோருடைய வட்ட முத்திரை, ஏற்றுக்கொண்ட திகதி. கறுப்பும் வெள்ளையுமான பிரதி அல்ல, முத்திரை நீலம், மை ஊதா, எல்லாம் அசல்.

அவள் அந்த ஊதாக் கைநாட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கைநாட்டு கம்ப்யூட்டருக்குள்ள இல்லையே மாமா. எழுத்து மட்டும்தானே இருந்தது. இது நாங்க குடுத்த கடதாசி. நாங்களே கொண்டுபோய் வரிசையில நிண்டு குடுத்த கடதாசி."

நாற்பத்து மூன்று தாய்மார் சேலை மாற்றி, பூ வைத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்தார்கள். கதிரை போட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து வாங்கினார்கள். வாங்கின கையால் எடுத்து இவனிடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று கிழமையாக ஒரு மீன்பிடிக்காரனுடைய விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவள் அப்போதே நிரோசனுக்குப் போன் எடுத்தாள். பட்டியலில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவன் கேட்டுவிட்டுச் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். பிரிண்டர். மணிக்கூட்டைச் சரிபார்க்கிறது. பாட்டுப் போடுகிறது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று போட்ட படம் கீறுகிற விளையாட்டு. இருநூற்றுப் பன்னிரண்டிலும் ஒரு களவு இல்லை. எல்லாம் ஒழுங்கான பயணிகள், வழியில் நின்று உத்தரவு கேட்டவை.

"அப்பா எல்லாத்தையும் விட்டது பிழைதான்" என்றாள். "ஆனா போனதுல ஒண்டும் பிழையில்ல."

வாடிக்கு அவள் ஓடிப்போனாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். கோணாமலை தோணியைக் கவிழ்த்து வைத்துப் பலகைச் சந்துக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். அவள் கடதாசியைக் காட்டிச் சொன்னாள். அவர் கேட்டார். கை நிற்கவில்லை, உளி போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப நான் இல்ல."

"நீங்க இல்ல அப்பா. நான் கதைச்சது பிழ. வீட்ட வாங்க."

"நானா இருந்திருந்தா?"

அவள் கையிலிருந்த கடதாசியை மடித்தாள்.

"நானா இருந்திருந்தாலும் நான் ஒனக்கு அப்பன்தானே" என்றார். உளியைக் கீழே வைத்துவிட்டு, "சோத்த வை, வாறன்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஆச்சிப்பிள்ளை போகாமல் படியில் இருந்தாள்.

"மாமி, நான் எல்லாத்தையும் அழிக்கிறன்" என்றாள் தனுஷியா. "இனி எந்தக் கடதாசியும் எங்கயும் போகாது."

"ஆரு ஒன்ன அழிக்கச் சொன்ன? அழி எண்டு அண்டைக்கு நான் சொன்னனா?"

"இல்ல."

"அவனுகள் வாசிச்சிப்போடுவானுகள் எண்டு எனக்குப் பயமில்ல புள்ள. ஆராவது வாசிக்கட்டும் எண்டுதான் நான் சொன்னன். மூணு வருசமா ஒருத்தரும் கேக்கல்ல, கடசியா இவன்தான் முழுசா வாசிச்சவன். ஒக்காரு. மறுகா அடி. பழசு அப்பிடியே இரிக்கட்டும். அதுக்குக் கீழ, இவன் வந்ததப் போடு. மோட்டார் சைக்கிள் நம்பரச் சொல்லுறன், என்ட சின்னவன் பாத்து வெச்சிரிக்கான். சப்பாத்தோட நெல்லுல ஏறினதப் போடு. இன்னொரு புள்ள இரிக்கிதுதானே எண்டு கேட்டதப் போடு. இந்தக் கடதாசிய ஆருட கையில குடுத்தம், அந்தக் கந்தோர்ல இருந்த ஐயாட பேர், அதையும் போடு."

தனுஷியா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? போடு என்றேன்.

அன்றைக்கு அடித்தாள். அடுத்த நாள் காலை, சிக்னல் எடுக்கிற நேரம், நாங்கள் நாலு பேரும் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தோம். ஆச்சிப்பிள்ளை புதுக் கடதாசியில் கைநாட்டு வைத்துவிட்டு, இந்த முறை அதை யாருக்கும் கொடுக்கவில்லை. மடித்து மடியில் சொருகிக்கொண்டாள். மைக் கையோடு நின்றாள். எழுத்து கொழும்புக்கும், இன்னும் நாலு இடத்துக்கும் போக வேண்டும். தனுஷியா அனுப்பென்று அமத்தினாள். உடனே திரையில் பெட்டி எழும்பியது. இன்னது வெளியே போகப் பார்க்கிறது, விடவா? ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

தனுஷியா கதிரையை விட்டு எழுந்தாள்.

"அப்பா, வாங்க. நீங்க அமத்துங்க."

கோணாமலை கதவு நிலையில் நின்றார்.

"எனக்கு அந்த வேல வேணாம் மகள். மறிக்கிறதும் வேணாம், விடுறதும் வேணாம்."

கச்சான் முருங்கைக் கொப்பை ஆட்டியது. சிக்னல் போய்விடும் என்று எனக்குப் பதறியது.

"எது பச்ச?" என்று ஆச்சிப்பிள்ளை கேட்டாள்.

தனுஷியா காட்டினாள். அம்புக்குறியைப் பச்சையின் மேல் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை கைநாட்டு வைப்பதுபோலவே பெருவிரலை மவுசின் மேல் அழுத்தி வைத்தாள். வெள்ளை மவுசில் ஊதா ஒட்டியது, குறுக்கே ஒரு கோட்டோடு.

"போயிற்றா?"

தனுஷியா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை படங்கள் இல்லை, எழுத்து மட்டும்தான். ஐந்து நிமிஷம் இருக்கும்.

"போயிற்று மாமி."

"அப்ப இனி அவன் வரட்டும்" என்றாள் ஆச்சிப்பிள்ளை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போகாமல் ரோட்டைப் பார்க்கிற படியில் போய் இருந்தாள். கோணாமலை அன்றைக்கு வாவிக்குப் போகவில்லை. வலையை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் விரித்துப் பொத்தத் தொடங்கினார். நான் மெசினைக் கொண்டுவந்து வளவு வாசலுக்குக் குறுக்கே நிப்பாட்டிவிட்டு, மருந்தை அங்கேயே விழுங்கினேன்.